நோடல் அனாலிசிஸில் குறி ஏன் தவறுகிறது? மின்னோட்டத்தின் திசை முதலிலேயே தெரிய வேண்டுமா?

கேட்டவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவர். இரண்டு மின்கலங்கள் உள்ள சுற்றை நோடல் அனாலிசிஸ் முறையில், அதாவது சந்திகளின் மின்னழுத்தங்களைத் தெரியாத எண்களாக வைத்துத் தீர்க்கும் முறையில், போட்டால் ஒவ்வொரு முறையும் கூட்டல் கழித்தல் குறி மாறிப்போகிறது என்கிறார். எந்த மின்தடையில் மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலில் எப்படிக் கண்டுபிடிப்பது, இரண்டு நோடுகளுக்கு நடுவே மின்தடை இல்லாமல் மின்கலமே இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: திசை தெரியாமல் சமன்பாடு எழுத முடியுமா? தாராளமாக முடியும். திசை தெரியாத நிலையில் எழுதுவதற்குத்தான் இந்த முறையே இருக்கிறது. திசையை ஊகிக்கத் தொடங்கும் இடத்தில்தான் குறி கெடுகிறது.

நான் பல ஆண்டுகளாக மின்சுற்றுப் பாடம் நடத்துகிறவன், ஆய்வகத்தையும் பார்த்துக்கொள்கிறவன். மாணவர்களின் தாள்களில் இந்தப் பாடத்தில் வரும் பிழை பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தது. உங்கள் தாளை நான் பார்க்கவில்லை, ஆகவே உங்களுடையதும் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடிப்படை இரண்டே செய்திகள். ஒன்று, குஸ்தாவ் கிர்க்காஃப் 1845-இல், தமது 21-ஆம் வயதில், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது வெளியிட்ட விதி: ஒரு சந்திக்கு வரும் மின்னோட்டமும் அதைவிட்டுப் போகும் மின்னோட்டமும் சமம். சந்தியில் மின்னூட்டம் தேங்கி நிற்பதில்லை என்பதே இதன் பொருள். இன்னொன்று ஓம் விதி. இரண்டையும் சேர்த்தால் நோடல் அனாலிசிஸ் வந்துவிடுகிறது. நோடு என்பது படத்தில் கறுப்புப் புள்ளி வைத்த இடம் மட்டுமல்ல. நடுவில் எந்தப் பொருளும் இல்லாமல் வெறும் கம்பியால் இணைந்த அத்தனை இடங்களும் சேர்ந்து ஒரே நோடு. படத்தில் கம்பி எவ்வளவு நீளமாக வளைந்து போனாலும் அதில் மாற்றமில்லை.

இனி எழுதும் விதம். ஒரு நோடில் நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு மின்தடை வழியாகவும் மின்னோட்டம் வெளியே போவதாகவே எழுதுங்கள். வெளியே போகும் மின்னோட்டம் என்பது, நான் நிற்கும் நோடின் மின்னழுத்தத்திலிருந்து மறுமுனையின் மின்னழுத்தத்தைக் கழித்து, நடுவிலுள்ள மின்தடையால் வகுத்தது. எல்லாவற்றையும் கூட்டிச் சுழியத்துக்குச் சமப்படுத்துங்கள். எல்லா வழியிலும் மின்னோட்டம் வெளியே மட்டும் போனால் அது எப்படிச் சாத்தியம் என்று சிலர் தயங்குவார்கள். எல்லாம் உண்மையிலேயே வெளியே போவதில்லை. உள்ளே வருவது எதிர்க்குறி எண்ணாகக் கணக்கில் தானே வந்து சேரும். அதை நாம் முன்னதாகத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் 12 வோல்ட் மின்கலம், வலப்பக்கம் 9 வோல்ட் மின்கலம். இரண்டின் எதிர்முனைகளும் ஒரே கம்பியில் சேர்கின்றன. அந்தக் கம்பியை கிரவுண்ட், அதாவது சுழிய வோல்ட், என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் முனையிலிருந்து 4 கிலோ ஓம் வழியாக ‘அ’ என்ற நோடு. அ-விலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். அ-விலிருந்து ‘இ’ என்ற நோடுக்கு இன்னொரு 2 கிலோ ஓம். இ-யிலிருந்து கிரவுண்டுக்கு 15 கிலோ ஓம். இ-யிலிருந்து 9 வோல்ட் முனைக்கு 3 கிலோ ஓம். மேலே படிப்பதற்கு முன் இதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், வரையாமல் படித்தால் மனத்தில் நிற்காது. வரைந்தபின் அ-வுக்கும் இ-க்கும் நடுவிலுள்ள மின்தடையில் மின்னோட்டம் எந்தப் பக்கம் போகும் என்றும் ஊகித்து வையுங்கள். 12 வோல்ட் இருக்கும் இடப்பக்கத்திலிருந்து 9 வோல்ட் இருக்கும் வலப்பக்கத்துக்கு என்றுதான் வகுப்பில் பெரும்பாலும் பதில் வருகிறது.

மின்தடையைக் கிலோ ஓமிலேயே வைத்துக்கொண்டால் மின்னோட்டம் மில்லி ஆம்பியரில் கிடைக்கும், சுழியங்களைச் சுமக்க வேண்டாம். அ-வில் நின்று எழுதினால்: (அ − 12)/4 + அ/2 + (அ − இ)/2 = 0. இ-யில் நின்று எழுதினால்: (இ − அ)/2 + இ/15 + (இ − 9)/3 = 0. நடுவிலுள்ள மின்தடை இரண்டு சமன்பாடுகளிலும் வருகிறது. முதலாவதில் அ முன்னால் நிற்கிறது, இரண்டாவதில் இ முன்னால் நிற்கிறது. ஒரே மின்தடையில் மின்னோட்டம் இரண்டு பக்கமும் போவதாக எழுதிவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். இ − அ என்பது அ − இ-யின் எதிர்க்குறிதான், ஆகவே இரண்டும் சொல்வது ஒரே மின்னோட்டத்தைத்தான்.

முதல் சமன்பாட்டை 4-ஆல் பெருக்கினால் 5அ − 2இ = 12. இரண்டாவதை 30-ஆல் பெருக்கிச் சுருக்கினால் 9இ − 5அ = 30. இரண்டையும் கூட்டினால் 7இ = 42. ஆக இ 6 வோல்ட், அ 4.8 வோல்ட். நடு மின்தடையில் அ-விலிருந்து இ-க்குப் போவது (4.8 − 6)/2, அதாவது −0.6 மில்லி ஆம்பியர். எதிர்க்குறி என்றால் தவறு என்று பொருளில்லை, மின்னோட்டம் இ-யிலிருந்து அ-வுக்குப் போகிறது என்று பொருள். 9 வோல்ட் பக்கத்திலிருந்து 12 வோல்ட் பக்கத்துக்கு!

இது எப்படி என்று பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விடை சரியாக இருந்தும் மனம் ஏற்காது. நடு மின்தடையைக் கழற்றிவிட்டதாக நினையுங்கள். இடப்பக்கம் 12 வோல்ட் 4-க்கும் 2-க்கும் பிரிகிறது, அ-வில் நிற்பது 4 வோல்ட்தான். வலப்பக்கம் 9 வோல்ட் 3-க்கும் 15-க்கும் பிரிகிறது, இ-யில் 7.5 வோல்ட் நிற்கிறது. மின்கலம் பெரிதாக இருந்தும் இடப்பக்க நோடு தாழ்ந்து கிடக்கிறது, ஏனென்றால் அங்கே கிரவுண்டுக்குப் போகும் வழி எளிது. நடு மின்தடையைத் திரும்பப் பொருத்தினால் உயர்ந்த இ-யிலிருந்து தாழ்ந்த அ-வுக்கு மின்னோட்டம் போவது இயல்புதானே. ஐந்தே மின்தடைகள் உள்ள சுற்றிலேயே ஊகம் இப்படிப் பொய்த்துப்போகிறது.

குறி எங்கே தவறுகிறது என்பதை இதே சுற்றில் காட்டுகிறேன். மாணவர் முதலில் அ-விலிருந்து இ-க்கு ஓர் அம்புக்குறி போடுகிறார். அ-வின் சமன்பாட்டில் (அ − இ)/2 என்று சரியாக எழுதுகிறார். இ-க்கு வரும்போது அம்புக்குறி இன்னும் கண்ணில் நிற்கிறது, ஆகவே அங்கேயும் (அ − இ)/2 + இ/15 + (இ − 9)/3 = 0 என்று எழுதிவிடுகிறார். அம்புக்குறி இ-யின் உள்ளே வருகிறது, மற்ற இரண்டு உறுப்புகளோ வெளியே போகின்றன. இரண்டையும் கலந்துவிட்டார். இந்தத் தவறான ஜோடியைத் தீர்த்தால் அ 9.6 வோல்ட், இ 18 வோல்ட் என்று வரும். கணக்கு வழுவில்லாமல் தீர்ந்து, பார்ப்பதற்கு நல்ல எண்களும் வருவதால் சந்தேகம் வராமல் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். ஆனால் 12 வோல்ட்டும் 9 வோல்ட்டும் மட்டுமே உள்ள சுற்றில் 18 வோல்ட் எங்கிருந்து வரும்? எல்லா மின்கலங்களும் எதிர்முனையால் கிரவுண்டில் இணைந்து, மீதி எல்லாம் வெறும் மின்தடைகளாக இருந்தால், எந்த நோடும் மிகப் பெரிய மின்கலத்தைத் தாண்டிப் போகாது, சுழியத்துக்குக் கீழேயும் இறங்காது. இது உறுதியான சோதனை, அரை நிமிடம்கூட ஆகாது.

தீர்ப்பதற்கு முன்பே பிழையைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. இரண்டு சமன்பாடுகளையும் எதனாலும் பெருக்காமல் ஒழுங்குபடுத்தி எழுதுங்கள்: 1.25அ − 0.5இ = 3; −0.5அ + 0.9இ = 3. அ-வின் சமன்பாட்டில் அ-வின் கெழு 1.25. அது அ-வைத் தொடும் மின்தடைகளின் தலைகீழ் எண்களின் கூட்டுத்தொகை: 1/4, 1/2, 1/2. இ-யின் சமன்பாட்டில் இ-யின் கெழு 0.9. அது 1/2, 1/15, 1/3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. பக்கத்து நோடின் கெழு இரண்டிலும் ஒரே எண், −0.5. அது நடுவிலுள்ள மின்தடையின் தலைகீழ் எண், எதிர்க்குறியோடு. மின்தடைகளும், ஒரு முனை கிரவுண்டில் உள்ள மின்கலங்களும், மின்னோட்ட மூலங்களும் மட்டுமே உள்ள எந்தச் சுற்றிலும் இது மாறாது: சொந்த நோடின் கெழு எப்போதும் நேர், அண்டை நோடின் கெழு எப்போதும் எதிர், குறுக்கே உள்ள ஜோடி எண்கள் சமம். மேலே சொன்ன தவறான சமன்பாட்டை இப்படி ஒழுங்குபடுத்தினால் இ-யின் சமன்பாட்டில் இ-யின் கெழு −0.1 என்று வரும். அதைப் பார்த்த உடனேயே நிறுத்திவிடலாம். கொஞ்சம் பழகியவர்கள் விதியைக்கூட எழுதாமல், படத்தைப் பார்த்தே இந்த எண்களை நேராக அணியில் (மேட்ரிக்ஸில்) நிரப்பிவிடுவார்கள்.

கட்டுப்படுத்தப்பட்ட மூலங்கள், அதாவது சுற்றின் வேறோர் இடத்து மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்து மாறுபவை, டிரான்சிஸ்டர் மாதிரிகளில் வருபவை, சுற்றில் இருந்தால் குறுக்கே உள்ள எண்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை, சொந்தக் கெழுகூட எதிர்க்குறியாகலாம். அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். வெளியே போவதாக எழுதும் முறை மட்டும் அங்கேயும் அப்படியே செல்லும்.

நோடுக்கு நடுவே மின்கலமே இருந்தால் என்ன செய்வது என்ற பகுதிக்கு வருகிறேன். மேலே உள்ள சுற்றில் நடு மின்தடையை எடுத்துவிட்டு 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றை, நேர்முனை இ பக்கம் இருக்கும்படி வையுங்கள். இப்போது அ-வில் நின்று எழுத ஆரம்பித்தால் மின்கலத்தின் வழியாகப் போவது எவ்வளவு என்று சொல்ல ஓம் விதி உதவாது, வகுப்பதற்கு மின்தடை இல்லை. இதற்குத்தான் சூப்பர்நோடு. அ, இ, நடுவிலுள்ள மின்கலம் மூன்றையும் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு வெளியே போகும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையும் சுழியம்தான், கிர்க்காஃப் விதி ஒரு புள்ளிக்கு மட்டுமல்லாமல் மூடிய எந்தப் பகுதிக்கும் பொருந்தும். ஆகவே: (அ − 12)/4 + அ/2 + இ/15 + (இ − 9)/3 = 0. கூடவே மின்கலம் தரும் உறவு: இ − அ = 1.5. தீர்த்தால் அ ஏறத்தாழ 4.70 வோல்ட், இ 6.20 வோல்ட். பலர் இந்த இரண்டாவது உறவை எழுத மறந்து, ஒரே சமன்பாட்டில் இரண்டு தெரியாத எண்களோடு திணறுவார்கள். மின்கலத்தின் மின்னோட்டம் தேவையென்றால் கடைசியில் அ-வுக்குத் திரும்பிப் போய்க் கணக்கிடலாம்: 0.52 மில்லி ஆம்பியர், இ-யிலிருந்து அ-வுக்கு. நேர்முனை வழியாக உள்ளே நுழைகிறது. அதாவது அந்தச் சிறிய மின்கலம் ஆற்றலைத் தரவில்லை, வாங்கிக்கொள்கிறது. மின்கலம் என்றால் நேர்முனையிலிருந்துதான் மின்னோட்டம் புறப்படும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் இங்கேயும் குறி போயிருக்கும்.

கிரவுண்ட் எங்கே வைப்பது என்பதில் சரி தவறு கிடையாது, வசதி மட்டும்தான் உண்டு. தொட்டபெட்டாவின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்தும் சொல்லலாம், ஊட்டியிலிருந்தும் சொல்லலாம்; எண் மாறும், மலை மாறாது. நிறைய வழிகள் வந்து சேரும் நோடையோ, மின்கலங்களின் பொதுவான முனையையோ எடுத்தால் எழுத்து வேலை குறையும்.

மெஷ் முறை (சுற்றின் ஒவ்வொரு கண்ணியிலும் சுற்றிவரும் மின்னோட்டத்தைத் தெரியாத எண்ணாக வைப்பது) நல்லதா, நோடு முறை நல்லதா என்று எல்லாரும் கேட்பார்கள். இதற்கு எல்லாச் சுற்றுக்கும் பொருந்தும் பதில் இல்லை. நம் சுற்றில் மெஷ் முறைக்கு மூன்று சமன்பாடுகள் வேண்டும், நோடு முறைக்கு இரண்டு போதும். தொடராக நீளும் சுற்றுகளில் இது தலைகீழாகலாம். ஆனால் கம்பிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகாமல் தாளில் வரைய முடியாத சுற்றுகளில் மெஷ் முறையை நேரடியாகப் பயன்படுத்த முடியாது, நோடு முறைக்கு அந்தத் தடை இல்லை. கணினி நிரல்கள் நோடு பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான, மின்சுற்றைக் கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்கும் ஸ்பைஸ் நிரல் நோடல் அனாலிசிஸை அடிப்படையாகக் கொண்டது. கிரவுண்டில் சேராத மின்கலம் அதற்கும் தலைவலியாகத்தான் இருந்தது. 1975-இல் ஹோ, ரூலி, பிரெனன் ஆகியோர் வெளியிட்ட திருத்திய முறையில் மின்கலத்தின் மின்னோட்டத்தையும் தெரியாத எண்ணாகச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைய சிமுலேட்டர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன. சிமுலேட்டரில் கிரவுண்ட் வைக்க மறந்தால் அணி தீர்வற்றது என்ற பிழைச்செய்தி வருவதும் இதனால்தான்: எதிலிருந்து அளப்பது என்று நீங்கள் சொல்லவில்லை. மின்வாரியங்கள் மின்தொகுப்பின் சுமைப் பாய்வை, அதாவது எந்தத் தடத்தில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை, கணக்கிடுவதும் இதே அடிப்படையில்தான், அங்கே ஒவ்வொரு துணைமின் நிலையமும் ஒரு நோடு, எண்கள் கலப்பெண்களாகிவிடுகின்றன, சமன்பாடுகளும் நேர்கோட்டுச் சமன்பாடுகளாக இருப்பதில்லை.

தேர்வில் எப்படி எழுதுவது என்பதில் நான் உறுதி சொல்ல முடியாது. சில ஆசிரியர்கள் அம்புக்குறி போட்டே ஆக வேண்டும் என்பார்கள். அதுவும் சரியான முறைதான். ஒரு மின்தடைக்கு ஓர் அம்புக்குறி, அதை ஒரு நோடில் வெளியே போவதாகவும் மறு நோடில் உள்ளே வருவதாகவும் கணக்கில் கொண்டால் இதே விடை வரும். கலந்தால்தான் கெடும். உங்கள் ஆசிரியர் கேட்பதுபோல எழுதுங்கள், தனித்தாளில் எல்லாம் வெளியே என்ற முறையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றல் கணக்கும் நல்ல சாட்சி. நம் முதல் சுற்றில் இரண்டு மின்கலங்களும் தருவது 21.6 + 9 = 30.6 மில்லி வாட். ஐந்து மின்தடைகளிலும் வெப்பமாவது 12.96 + 11.52 + 0.72 + 2.4 + 3, அதுவும் 30.6.

முடிந்தால் இதை ஆய்வகத்தில் இணைத்துப் பாருங்கள். கடையில் 4 கிலோ ஓம் கேட்டால் 3.9-தான் தருவார்கள், இரண்டு 2 கிலோ ஓமைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் கிளிப் போட்டுவிட்டுச் சிவப்பு முனையை அ-வில் தொட்டால் சரியாக 4.80 காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 5 சதவீத மின்தடைகளில் 4.7 அல்லது 4.9 வருவது சாதாரணம், பழைய 9 வோல்ட் பேட்டரி 9 தருவதும் இல்லை. முதலில் பேட்டரியையும் மின்தடைகளையும் அளந்து அந்த எண்களைச் சமன்பாட்டில் போட்டால் நெருங்கி வரும். பெரிய மின்தடைகளில் மீட்டரே சுற்றைக் கெடுக்கும். 10 வோல்ட்டை இரண்டு 1 மெகா ஓம் மின்தடைகள் பாதியாகப் பிரிக்கும் இடத்தில், 10 மெகா ஓம் உள்மின்தடை உள்ள மீட்டர் 5 வோல்ட் காட்டாது, 4.76 காட்டும். இதையும் நோடு சமன்பாடே சொல்லிவிடும், மீட்டரை அந்த நோடிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் இன்னொரு மின்தடையாக எழுதினால் போதும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. டயோடு போன்றவை வந்தால் விதி அப்படியே இருக்கும், ஆனால் சமன்பாடு நேர்கோட்டுச் சமன்பாடாக இராது, படிப்படியாக நெருங்கித்தான் தீர்க்க வேண்டும். ஒரு கம்பி முழுவதும் ஒரே மின்னழுத்தம் என்ற அடிப்படை, சுற்றின் அளவு அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரைதான் நிற்கும். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 6,000 கிலோமீட்டர், கவலையில்லை. 1 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அது 30 சென்டிமீட்டர்தான், ஒரு கை நீளப் பலகையிலேயே கம்பியின் இரு முனைகளும் ஒரே நோடு அல்ல. உங்கள் பாடத்திட்டத்தில் அது வராது.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். முதல் சுற்றையே எடுத்து, இ-யை கிரவுண்டாக வைத்து மீண்டும் போடுங்கள். பழைய கிரவுண்டை ‘க’ என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் முனை க + 12, 9 வோல்ட் முனை க + 9 ஆகும். இரண்டு மின்கலங்களும் க-வோடு சேர்ந்து ஒரே சூப்பர்நோடுக்குள் வந்துவிடும். அ −1.2 வோல்ட்டும் க −6 வோல்ட்டும் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் இரண்டு சமன்பாடுகளையும் அப்படியே இங்கே எழுதுங்கள், எந்த உறுப்பில் குறி திரும்பியது என்று பார்த்துச் சொல்கிறேன்.